இடது விலாவுக்குக் கீழே, ஒரு விரல் நுனி இடத்தில்

இடது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்று திண்டுக்கல்லில் யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற தீர்ப்பு ‘கேஸ்’தான். எனக்கும் அதே தீர்ப்புதான் கிடைத்தது. மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் என் கடைச் சரக்கையே எனக்கு மருந்தாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். சீரகத்தை வறுத்துக் கொதிக்க வை, ஓமத்தை மென்று வெந்நீர் குடி, பெருங்காயத்தை மோரில் கரை, சுக்கைத் தட்டிப் போடு. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் டப்பாக்களில் இருந்ததால் எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். வாய் மணந்தது. வலி அங்கேயே இருந்தது.

அவர்கள் சொன்னது அபத்தம் இல்லை. பெருங்குடல் மேலேறி, குறுக்கே ஓடி, இடது விலாவுக்கு அடியில்தான் கீழ்நோக்கித் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் வாயு தேங்கினால் அங்கே நன்றாகவே வலிக்கும். நாள்பட்ட மலச்சிக்கலிலும் அதே இடத்தில் பிடிக்கும். ஆனால் அந்த வலிக்கு ஒரு நடத்தை உண்டு. உருண்டு உருண்டு வரும், வயிறு உப்பும், காற்றுப் பிரிந்தாலோ மலம் கழிந்தாலோ ஆளை விட்டுவிடும். என் வலி அப்படி நடந்துகொள்ளவில்லை. சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பட்டினி கிடந்தாலும் ஒன்றுதான், பிரியாணி சாப்பிட்டாலும் ஒன்றுதான். 25 கிலோ அரிசிப் பையைக் குனிந்து தூக்கும்போது சுருக்கென்று குத்தும். இருமினால் குத்தும். இரவில் படுக்கையில் புரண்டால் குத்தும். அசையாமல் உட்கார்ந்திருந்தால் லேசான எரிச்சலோடு அடங்கிக் கிடக்கும்.

இதையெல்லாம் நான் கவனித்திருந்தேன். ஆனால் முதலில் போன கிளினிக்கில் கூட்டம். “என்ன பண்ணுது?” என்றார் டாக்டர். “வயித்து வலி சார், இந்தப் பக்கம்” என்றேன். அவர் எழுதிக் கொடுத்தது அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை, பான்டோபிரசோல். காலையில் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடவேண்டும் என்று மருந்துக் கடைப் பையன்தான் சொன்னான். அந்த வகை மாத்திரையைச் சாப்பிட்டு முடித்தபின் போட்டால் பலன் குறையும். பலர் அப்படித்தான் போடுகிறார்கள். நான் சரியாகத்தான் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. வலி இரைப்பையில் இருந்தால்தானே அடங்கும்.

பக்கத்துத் தெருப் பாட்டி ஒருவர், “ஏப்பா, இது குடலேத்தம். மூட்டை தூக்குறவனுக்கு வேற என்ன வரும்? வழிச்சு விட்டா ஒரே நாள்ல போயிரும்” என்று விலாசமே கொடுத்தார். எண்ணெய் தடவி வயிற்றை அழுத்தி நீவி விடுவார்கள். நான் கிளம்பியேவிட்டேன். என் மனைவிதான் பிடித்த பிடியாக நின்றாள். “உள்ள என்னன்னே தெரியாம வயித்தை அமுக்க விடமாட்டேன்” என்று. எங்கள் தெருவில் அப்போது டெங்கு. அவள் பயந்ததில் நியாயம் இருந்ததைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். மண்ணீரல் என்கிற உறுப்பு இடப்பக்கம் ஒன்பது முதல் பதினொன்றாம் விலா எலும்புகளுக்கு உள்ளே பதுங்கியிருக்கிறது. சாதாரணமாகக் கைக்கே தட்டுப்படாது. டெங்கு, மலேரியா, கல்லீரல் சுருக்கம், சில ரத்தப் புற்றுநோய்கள் போன்றவற்றில் அது வீங்கி விலாவுக்கு வெளியே வரும். வீங்கிய மண்ணீரல் கிழியக்கூடியது. கிழிந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். இடது விலாவுக்குக் கீழே காரணம் தெரியாத வலி இருக்கிறவர்கள் யாரும் வயிற்றை நீவ விடாதீர்கள். அதுவும் காய்ச்சல் வந்துபோன சமயத்தில் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது ஸ்கேன். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வரச்சொன்னார்கள். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், காற்றும் சேர்ந்து மறைக்கும் என்பதுதான் காரணம். ரிப்போர்ட்டில் மண்ணீரல் சரி, சிறுநீரகங்கள் சரி, கணையம் ‘ஓரளவு தெரிகிறது, குடல் வாயு மறைக்கிறது’, கடைசியில் ‘ஃபேட்டி லிவர் கிரேடு 1’, அதாவது கல்லீரலில் லேசான கொழுப்பு. இந்தக் கடைசி வரிக்காக வீட்டில் ஒரு வாரம் துக்கம் கொண்டாடினார்கள். எண்ணெய் நிறுத்தம், முட்டை நிறுத்தம். என் வயதில், என் தொப்பையோடு ஸ்கேன் எடுக்கிற பலருக்கு அந்த வரி வருகிறது. உடம்பைக் குறைக்கச் சொல்லும் எச்சரிக்கையாக அதை எடுத்துக்கொள்ளலாம். கல்லீரலின் பெரும்பகுதி இருப்பது வலப்பக்கம். இடப்பக்கம் விரல் வைத்துக் காட்டுகிற வலிக்கு அதன்மேல் பழி போட்டால், உண்மையான காரணத்தைத் தேடுவதை நிறுத்திவிடுவோம்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இரைப்பையின் உட்புறப் புண்ணைக் காட்டாது என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரியும். ‘ஸ்கேன் நார்மல்’ என்றால் அந்த ஸ்கேனால் பார்க்க முடிந்த உறுப்புகளில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று மட்டும் அர்த்தம். வலி பொய் என்று அர்த்தமில்லை. சொந்தக்காரர்கள் இந்த இடத்தில்தான் “டென்ஷன்தான் மாப்ள, கடையை ரெண்டு நாள் சாத்திட்டு எங்கயாவது போயிட்டு வா” என்று ஆரம்பிப்பார்கள்.

அடுத்து எண்டோஸ்கோப்பி, வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டு இரைப்பையைப் பார்ப்பது. பயந்த அளவுக்கு அது ஒன்றும் இல்லை. முந்தின இரவுக்குப் பிறகு சாப்பாடு கிடையாது. தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை அடித்து, பல்லுக்கிடையில் ஒரு வளையத்தைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னார்கள். குமட்டியது, கண்ணில் தண்ணீர் வந்தது, சில நிமிடங்களில் முடிந்தது. இரைப்பையில் லேசான சிவப்பு, புண் இல்லை. அல்சரை உண்டாக்குகிற ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்று துளி சதை எடுத்துப் பார்த்தார்கள், இல்லை. இந்தக் கிருமிக்குப் பின்னால் சுவையான கதை ஒன்று உண்டு. அல்சருக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது, ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, தன் இரைப்பையில் அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு. கிருமி இருந்தால் ஆன்டிபயாட்டிக் சேர்ந்த மாத்திரைகளை, வழக்கமாகப் பதினான்கு நாள், ஒரு வேளைகூட விடாமல் போட்டு முடிக்கவேண்டும். பரிசோதனைக்கு முந்தின இரண்டு வாரம் பான்டோபிரசோல் வகை மாத்திரைகளை நிறுத்தியிருந்தால்தான் முடிவை நம்பலாம். அதனால் டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

அல்சரின் இன்னொரு பெரிய காரணம் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. என் அக்கா முழங்கால் வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுப் போட்டு, ஒருநாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போய், தலைசுற்றி விழுந்துவிட்டாள். இரைப்பைப் புண்ணில் இருந்து கசிந்த ரத்தம் அது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும், அதில் பயமில்லை. ஆனால் பிசுபிசுப்பும் கெட்ட நாற்றமுமாகத் தார் போலப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வயிற்று வலிக்கு வலி மாத்திரை போடுவது எவ்வளவு தப்பு என்பது அவளைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் உறைத்தது.

புண் இல்லை, கிருமி இல்லை, ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அப்படியானால் அக்கியாக இருக்குமோ என்று என் மாமியார் கேட்டார். அவர் கேட்டது சும்மா இல்லை, பட்டவர். இரண்டொரு வருடம் முன்னால் அவருக்கு இதே இடப்பக்கம், முதுகில் இருந்து விலாவைச் சுற்றி முன்னால் வரை, பட்டை போட்டது போல எரிச்சல். சேலை உரசினாலே கத்துவார். கிட்னியில் கல் என்றார்கள், கேஸ் என்றார்கள். மூன்று நான்கு நாள் கழித்து அதே பட்டையில் கொப்புளங்கள் கிளம்பியபோதுதான் தெரிந்தது. சின்ன வயதில் அம்மை போட்டுப்போன அதே கிருமி நரம்பின் வேரில் வருடக்கணக்கில் உறங்கிக் கிடந்து, வயதான பிறகு அந்த ஒரு நரம்பின் பாதையில் கிளம்புகிறது. அதனால்தான் பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கத்தோடு நின்றுவிடுகிறது, நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை. எங்கள் பக்கத்தில் அக்கி என்றால் வேளார் வீட்டுக்குப் போய்க் காவியால் எழுதிக்கொள்வார்கள். மாமியாரும் எழுதிக்கொண்டுதான் வந்தார். நம்பிக்கையைக் குறை சொல்ல நான் வரவில்லை. எழுதிக்கொள்ளட்டும். ஆனால் ஏசைக்ளோவிர் போன்ற மாத்திரைகளைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். அந்த மூன்று நாள் காவியிலேயே கழிந்துவிட்டால் அந்தப் பலன் குறைந்துவிடும். கொப்புளம் காய்ந்த பிறகும் சிலருக்கு மாதக்கணக்கில் நரம்பு எரிச்சல் நிற்கும். கொப்புளம் காய்கிறவரை கர்ப்பிணிகளையும், அம்மை போடாத குழந்தைகளையும் பக்கத்தில் அண்டவிடக் கூடாது.

எனக்குக் கொப்புளம் எதுவும் வரவில்லை. வாரங்கள் ஓடிவிட்டதால் இனி வரவும் வராது.

கடைசியில் என் மளிகை சப்ளையர் ஒருவர் சொல்லி, வயதான ஒரு அறுவை சிகிச்சை டாக்டரிடம் போனேன். ஃபைலை நீட்டினேன். வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டார். “இதை அப்புறம் பாப்போம். எங்க வலிக்குது? உள்ளங்கையால காட்டாதீங்க, ஒரே விரலால காட்டுங்க.”

காட்டினேன். விலாவுக்கு இரண்டு விரற்கடை கீழே, வயிற்றின் நடுத்தசை முடிகிற ஓரத்தில்.

அப்புறம் கேள்விகள். வலி முதுகுக்குப் பாய்கிறதா, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறைகிறதா? குடிப்பழக்கம் உண்டா, பித்தப்பையில் கல் உண்டா? இது கணையத்துக்கான கேள்வி. கணையம் இரைப்பைக்குப் பின்னால் குறுக்கே படுத்திருக்கிறது. அதன் வால் இடப்பக்கம் மண்ணீரல் வரை நீள்கிறது. அது வீங்கினால் மேல்வயிற்றில் கடுமையாக வலித்து, நேரே முதுகுக்கு ஊடுருவும், வாந்தி நிற்காது. மதுவும் பித்தக்கல்லும் முக்கியக் காரணங்கள். ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்கிற கொழுப்பு மிக அதிகமாக இருப்பவர்களுக்கும் வரும். கணையம் சுரக்கிற லைபேஸ் என்ற நொதியின் அளவு ரத்தத்தில், இயல்பின் மேல் எல்லையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போயிருந்தால் அது கணையம்தான் என்று பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள். என் கூட்டாளி ஒருவனுக்கு வந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்தபடியே ஆட்டோவில் போனான்.

வலி அலை அலையாக வருகிறதா, இடுப்புக்குப் பின்னால் தொடங்கி அடிவயிற்றுக்கும் தொடைச் சந்துக்கும் இறங்குகிறதா? சிறுநீரில் ரத்தமோ எரிச்சலோ உண்டா? இது இடது சிறுநீரகக் கல்லுக்கு. கல் வலிக்காரர் ஒரு நிமிடம் ஒரே இடத்தில் இருக்கமாட்டார். எழுவார், நடப்பார், தரையில் புரளுவார். வயிற்றுக்குள் ஏதாவது ஓட்டையாகிப் பரவிவிட்டவர் நேர் எதிர். கட்டிலை யாராவது இடித்தால்கூட வலிக்கும் என்று மூச்சையும் அளந்து விட்டுக்கொண்டு அசையாமல் கிடப்பார். “வாசல்ல நுழையும்போதே பாதி தெரிஞ்சிரும்” என்றார் டாக்டர். கல்லோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் அது அவசரம், மறுநாள் வரை வைக்கக் கூடாது.

மூச்சை ஆழமாக இழுத்தால் வலி கூடுகிறதா, சளியோடு காய்ச்சல் உண்டா? இடது நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா வந்தாலும் வயிற்று வலி போலவே தெரியும். சமீபத்தில் வண்டியில் இருந்து விழுந்தீர்களா, இடது விலாவில் அடிபட்டதா? மண்ணீரலில் கீறல் விழுந்து, சில நாள் தாங்கி, பிறகு உடைவது உண்டாம். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையான உதரவிதானத்தின் அடியில் ரத்தம் சேர்வதால் இடது தோள்பட்டை வலிக்கும். பைக்கில் விழுந்து எழுந்து, சிராய்ப்புக்கு மஞ்சள் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் இந்தத் தோள்பட்டை வலியை மட்டும் மறக்கக் கூடாது. கூடவே மயக்கமோ வியர்வையோ வந்தால் நேரே ஆஸ்பத்திரி.

சர்க்கரை உண்டா, படியேறினால் கூடுகிறதா? இந்தக் கேள்வி எதற்கு என்று எனக்குச் சொல்லாமலே தெரியும். என் சித்தப்பாவுக்குச் சர்க்கரை. ஒருநாள் விடியற்காலை மேல்வயிறு இடப்பக்கமாகப் பிசைகிறது என்றார், வியர்த்தது, இரண்டு ஏப்பம் விட்டார். கடையில் இருந்து சோடா வாங்கிக் குடித்துவிட்டுப் படுக்கப் போனவரை, சித்திதான் விடாமல் 108-ஐக் கூப்பிட்டு ஏற்றினார். ஈசிஜி எடுத்தவுடனே மாரடைப்பு என்று சொல்லிவிட்டார்கள். இதயத்தின் அடிச்சுவர் உதரவிதானத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அங்கே அடைத்தால் வலி வயிற்றில் தெரியும். சர்க்கரைக்காரர்கள், பெண்கள், வயதானவர்கள் பலருக்கு நெஞ்சு வலி என்ற ஒன்றே இல்லாமல் வரும். ஏப்பம் வந்தால் கேஸ்தான் என்று நினைப்பது ஆளைக் கொல்லும் நம்பிக்கை. ஈசிஜி ஐந்து நிமிட வேலை, செலவும் குறைவு. முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் சந்தேகம் இருந்தால் திரும்ப எடுப்பார்கள், இதயத் தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். ‘ஒருதடவை எடுத்தாச்சே’ என்று எழுந்து வந்துவிடாதீர்கள்.

எல்லாக் கேள்விக்கும் நான் ‘இல்லை’ என்று சொல்லி முடித்ததும் என்னை மல்லாக்கப் படுக்கவைத்தார். நான் காட்டிய இடத்தில் விரலை வைத்து அழுத்தினார். வலித்தது. விரலை எடுக்காமலே, “கையை நெஞ்சுமேல கட்டிக்கிட்டு, தலையும் தோளும் தூக்குங்க” என்றார். தூக்கினேன். உயிர் போனது. இரண்டு கால்களையும் மடக்காமல் தூக்கச் சொன்னார். அதே கதை. பிறகு அந்த இடத்துத் தோலை மட்டும் இரு விரலால் கிள்ளிப் பிடித்தார், வலப்பக்கமும் அதேபோல் பிடித்தார். இடப்பக்கம் மட்டும் சுரீரென்றது.

அவர் விளக்கியதைக் கேட்டபோது இவ்வளவு எளிதா என்றிருந்தது. தலையைத் தூக்கும்போது வயிற்றுத் தசை இறுகிப் பலகையாகிறது. உள்ளே உறுப்பில் வலி இருந்தால், இறுகிய தசை விரலைத் தடுத்துவிடும், வலி குறையும். வலி தசையிலோ அதன் வழியே வருகிற நரம்பிலோ இருந்தால் கூடும். ஜான் கார்னெட் என்ற அமெரிக்க சர்ஜன் 1926-இல் எழுதிவைத்த சோதனை இது. விலாவுக்கு இடையிலிருந்து வருகிற நரம்புகள் நடுத்தசையின் ஓரத்தில் சட்டென்று திரும்பி, தசையைத் துளைத்துக்கொண்டு தோலுக்கு வருகின்றன. அந்தத் துளையில் நரம்பு நெரிபட்டால் இந்த மாதிரி வலிக்கும். இத்தனை நாளும் எல்லாரும் மூட்டைக்குள் இருக்கிற சரக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள், கிழிசல் சாக்கில் இருந்தது.

இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரையாவது படுக்கவைத்து அழுத்திப் பார்க்க வேண்டாம். உள்ளே கடும் அழற்சி இருந்து வயிற்றுச் சுவர்வரை பரவியிருந்தாலும் இந்தச் சோதனையில் வலி கூடலாம். மற்றதையெல்லாம் கேட்டுத் தள்ளிவிட்ட பிறகுதான் அவர் விரலை வைத்தார். என் ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும் வீண் என்றும் அவர் சொல்லவில்லை. கவிழ்த்து வைத்த ஃபைலை நிமிர்த்தி, ஒவ்வொரு தாளாகப் படித்த பிறகுதான் ஊசியை எடுத்தார்.

அந்த இடத்திலேயே லிக்னோகைன் ஊசி. மரத்துப்போக வைக்கிற மருந்து. சில நிமிடங்களில் “இப்ப தூக்குங்க” என்றார். தலையைத் தூக்கினேன், வலி இல்லை. ஊசியே மருந்தாகவும் இருந்தது, நோயை உறுதிசெய்கிற சோதனையாகவும் இருந்தது. மருந்தின் வேகம் தீர்ந்த பிறகு திரும்ப வந்தது, ஆனால் முன்பைவிடக் குறைவாக. சிலருக்கு ஒரே ஊசியில் போய்விடுகிறது, பலருக்குத் திரும்பப் போடவேண்டியிருக்கிறது, எதற்கும் கேட்காத சிலருக்கு அந்தச் சிறு நரம்பை அறுவை சிகிச்சையில் வெட்டிவிடுகிறார்கள். எனக்கு இன்னும் சில ஊசிகள் தேவைப்பட்டன.

டாக்டரிடம் போகும்முன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள் என்று இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன். எப்போது ஆரம்பித்தது, விரலால் காட்ட முடிகிறதா அல்லது உள்ளங்கை அளவு பரவியிருக்கிறதா, எங்கே பாய்கிறது, சாப்பாடு, மூச்சு, அசைவு, மலம் இவற்றில் எதோடு கூடுகிறது, எதில் குறைகிறது, என்னென்ன மாத்திரை போடுகிறோம். நாட்டு மருந்து, லேகியம், மெடிக்கலில் கேட்டு வாங்கியது எல்லாம் அதில் வரவேண்டும். கூட்டமான ஓ.பி.யில் நமக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். ‘இந்தப் பக்கம் வலிக்குது சார்’ என்பதில் அதைச் செலவழித்தால் பான்டோபிரசோல்தான் கிடைக்கும்.

மூட்டை தூக்குவதை விட முடியாது, பிழைப்பு அது. முழங்காலை மடக்கி உட்கார்ந்து, மூட்டையை உடம்போடு அணைத்து எழுகிறேன். இடப்பக்கமாகத் திருகிக்கொண்டு தூக்குவதில்லை. 50 கிலோ சிப்பத்துக்குப் பையனையும் சேர்த்துக்கொள்கிறேன். குளிர்ந்த காலைகளில் அந்த இடம் லேசாக உறுத்துகிறது, அவ்வளவுதான்.

கடைசியாகப் போனபோது டாக்டர் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்ததைக் கல்லாப்பெட்டிக்குள் ஒட்டிவைத்திருக்கிறேன். எடை தானாகக் குறைவது, கொஞ்சம் சாப்பிட்டவுடனே இடப்பக்கம் வயிறு நிரம்பிவிடுவது, விடாத காய்ச்சல், மலப் பழக்கம் மாறுவது, இரவில் தூக்கத்தில் இருந்து எழுப்புகிற புது வலி. இதில் எது வந்தாலும் ‘அது அந்தப் பழைய நரம்பு வலிதான்’ என்று நானே முடிவு கட்டாமல், முதலில் இருந்து பரிசோதிக்க வரச் சொல்லியிருக்கிறார்.